உடைந்த கற்பலகைகள்



யூத சமூகத்தார் தம் முதியோருக்கென நடத்திவரும் இல்லங்களில், அம்முதியோரின் ஆத்மாவுக்கு எவ்வாறு துணை செய்கிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உலகெங்கும் சிதறி வாழ்ந்தும், நூற்றாண்டு நூற்றாண்டாகத் தமக்கென ஓர் அரசும் நாடும் இன்றித் துன்புற்றும், தம் நூல்களையும் நோன்புகளையும் கைவிடாது காத்துவந்த சிறு ஜனசமூகம் அது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நூல்களையும் நோன்புகளையும் தம் தோளில் சுமந்துவந்த முதியோர், நடை தளர்ந்து நினைவும் தளர்ந்து, ஓர் இல்லத்தின் சிறிய அறையில் வந்து தங்கும் நிலை ஏற்பட்டபொழுது, அச்சமூகம் அவர்களுக்கு எதைக் கொடுக்கிறது, அவர்களிடமிருந்து இன்னமும் எதை எதிர்பார்க்கிறது என்ற இரண்டு வினாக்களே இச்சொற்பொழிவின் எல்லை. இவ்விரண்டனுள் பின்னதே பெரிது என்பது என் துணிபு. அது ஏன் என்பதைப் போகப் போக விளக்குவேன்.

முதலில் ஒரு பழங்கதை. சீனாய் மலையின்மேல் நாற்பது நாள் இருந்து, இறைவனுடைய கட்டளைகள் பொறித்த இரண்டு கற்பலகைகளைப் பெற்று மோசே கீழே இறங்கி வந்தபொழுது, ஜனங்கள் பொன்னால் ஒரு கன்றுக்குட்டியைச் செய்து அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதும், அதைக் கண்டு மனம் கொதித்த மோசே அப்பலகைகளை மலையடியில் எறிந்து உடைத்தார் என்பதும், பின்னர் மீண்டும் மலையேறி வேறு இரண்டு பலகைகளைப் பெற்று வந்தார் என்பதும் வேதாகமத்தில் உள்ளவை. புதிய பலகைகள் உடன்படிக்கைப் பேழையில் வைக்கப்பட்டன. உடைந்த துண்டுகள் என்ன ஆயின? மலையடியிலேயே கிடந்து மண்ணோடு மண்ணாய்ப் போயினவா? யூத ஆசிரியர்கள் இந்த வினாவை எழுப்பி விடையும் கூறினார்கள். முழுப் பலகைகள் இருந்த அதே பேழைக்குள் உடைந்த துண்டுகளும் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன என்பது அவர்கள் கொண்ட முடிவு. பாலைவனத்தில் நாற்பது ஆண்டுகள் அப்பேழையைச் சுமந்தவர்கள் இரண்டின் பாரத்தையும் ஒருங்கே சுமந்தார்கள்.

கதை இத்துடன் நின்றிருந்தால் அது ஓர் அழகிய புராணச் செய்தியாக இருந்திருக்கும். ஆனால் தல்மூது என்னும் பெருந்தொகை நூலில், யோசுவா பென் லேவி என்ற ஆசிரியர் தம் புதல்வர்களுக்கு உபதேசம் செய்யும்பொழுது இச்செய்தியை வேறொரு வழியில் திருப்புகிறார். தன் குற்றமின்றி, காலத்தின் கொடுமையாலோ நோயின் கொடுமையாலோ கற்றதெல்லாம் மறந்துபோன முதியவர் ஒருவரைக் கண்டால் அவரிடம் மிக்க கவனத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லி, அதற்குக் காரணமாக, உடைந்த பலகைகளும் பேழையில் இருந்தன அல்லவா என்று நினைவூட்டுகிறார். ஒரு தந்தை தம் மக்களுக்குச் சொன்ன சொல் இது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பிறருடைய முதுமையை மட்டும் அவர் எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறதி நோயைப் பற்றிய மருத்துவ சாஸ்திரம் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்த இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றைய யூத முதியோர் இல்லங்களின் அஸ்திவாரக் கல் என்று நான் கருதுகிறேன். நினைவு உடைந்தது; மனிதன் உடையவில்லை என்று ஆறுதல் சொல்வது எளிது. அந்த ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. உடைந்தது உடைந்ததுதான் என்று ஒப்புக்கொண்டே, உடைந்ததற்கும் மூலஸ்தானத்தில் இடம் உண்டு என்றார்.

அச்சமூகம் முதுமையை எவ்வாறு கண்டது என்பதை இன்னும் சிறிது பார்ப்போம். ஆபிரகாமின் காலம்வரையில் உலகில் முதுமைத் தோற்றமே இல்லை என்று அவர்களிடையே ஒரு கர்ண பரம்பரைச் செய்தி உண்டு. தந்தை ஆபிரகாமும் மகன் ஈசாக்கும் உருவத்தில் ஒன்றுபோல் இருந்தமையால், தந்தையிடம் பேச வந்தவர்கள் மகனிடமும், மகனிடம் பேச வந்தவர்கள் தந்தையிடமும் பேசித் தடுமாறினார்களாம். ஆபிரகாம் இறைவனை வேண்டிக்கொள்ள, அதன்பின் நரையும் திரையும் உண்டாயினவாம். பிற ஜனங்கள் முதுமை நீங்க வரம் வேண்டிய கதைகளைச் சொல்ல, இவர்கள் முதுமை வேண்டும் என்று வரம் கேட்ட கதையைச் சொன்னார்கள். நரைத்த தலைக்கு முன் எழுந்து நில் என்பது லேவியராகமத்தில் ஒரு கட்டளை. அதைத் தம் இனத்தாரோடு நிறுத்திக்கொள்ளாமல், வேற்று மதத்து முதியவரைக் கண்டாலும் எழுந்து நின்ற யோகனான் என்ற ஆசிரியர், இவர்கள் தலைமேல் எத்தனை அனுபவங்கள் கடந்து சென்றிருக்கும் என்று வியந்தாராம்.

ஆயினும் முதுமையின் அச்சத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. பாவநிவிர்த்திக்குரிய யோம் கிப்பூர் என்னும் பெருநோன்பு நாளில், ஆலயத்தில் வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையைத் திறந்துவைத்து, சபையார் எல்லாரும் நின்று, முதுமைக் காலத்தில் எங்களைத் தள்ளிவிடாதே என்று சங்கீத நூலின் வேண்டுகோளை இறைவனிடம் முறையிடுகிறார்கள். இருபது வயது இளைஞனும் அம்முறையீட்டில் சேருகிறான். கேட்பது இறைவனிடம், ஆனால் பக்கத்தில் நிற்கும் மகனும் மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இனி இல்லங்கள் தோன்றிய வரலாற்றுக்கு வருகிறேன். நியூயார்க்கில் பினேய் ஜெஷூரன் ஆலயத்துப் பெண்கள் 1848-ஆம் ஆண்டிலேயே ஏழை மூதாட்டியரின் பொருட்டு ஒரு தருமச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். ஆனால் இத்தகைய ஸ்தாபனங்கள் பலவாகப் பெருகியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. 1881 முதல் 1924 வரையுள்ள காலத்தில், ருஷ்ய சாம்ராஜ்யத்திலும் அதன் அண்டை நாடுகளிலும் நிகழ்ந்த கலகங்களுக்கும் வறுமைக்கும் அஞ்சி, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்கள். பிள்ளைகள் தையல் தொழிற்சாலைகளில் பகலும் இரவும் உழைத்து, இடுக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தபொழுது, முதிய பெற்றோர் சிலருக்கு வீட்டில் இடமில்லாமல் போயிற்று. அரசாங்கத்தின் ஏழை விடுதிகளில் உணவு உண்டு, படுக்கை உண்டு. ஆனால் அந்த உணவு அவர்களுடைய ஆசாரத்துக்கு ஒவ்வாதது. அங்குள்ளோர் பேசும் மொழி அவர்களுக்குப் புரியாதது. ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை அந்தி சாய்வதும் மற்ற நாள் அந்தி சாய்வதும் அங்கே ஒன்றுதான்.

இந்தக் குறையைப் போக்கவே பாஸ்டன் நகரில் 1903-இல் 'மோஷாவ் ஸ்கேனிம்' என்ற பெயரில் ஓர் இல்லம் எழுந்தது. முதியோர் உறைவிடம் என்பது அந்த எபிரெயச் சொற்களின் பொருள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1917-இல், போக்கிடம் இல்லாத முதியோருக்கு ஒரு தொழுகை ஆலயம் தன் கதவைத் திறந்துவிட்டது. அதுவே பின்னர் ரிவர்டேலில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பெரிய எபிரெய இல்லமாக வளர்ந்தது. கனடாவின் டொரண்டோ நகரில் 1918-இல் யூதப் பெண்கள் சங்கத்தாரின் முயற்சியால் தோன்றிய முதியோர் இல்லமே இன்று முதுமை பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற பேக்ரெஸ்ட் ஸ்தாபனம். இவற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மருத்துவமும் தாதிமையும் முதலில் வந்து, ஆன்மிகம் பின்னர் அலங்காரமாகச் சேர்க்கப்பட்டதன்று. தாய்மொழி வேண்டும், ஆசாரமான சமையலறை வேண்டும், பிரார்த்தனை செய்யப் பத்துப் பேர் வேண்டும் என்ற ஆன்மிகத் தேவையே இவ்வில்லங்களைப் பிறப்பித்தது. மருத்துவமனை அதைச் சுற்றிப் பின்னர் எழுந்தது.

தொடக்கத்தில் ஆன்மிகத் துணை என்பது ரபீ என்னும் ஆலயத்துச் சமய ஆசான் வந்து வழிபாடு நடத்திச் செல்வதாகவே இருந்தது. பிற்காலத்தில் அது தனிப் பயிற்சி வேண்டும் பணியாக வளர்ந்தது. 1925-இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் மனநோய் மருத்துவமனையில், ஆன்டன் பாய்சன் என்ற கிறிஸ்தவப் போதகர், சமயக் கல்லூரி மாணவர்களை நோயாளிகளின் படுக்கையருகே அழைத்துவந்து, நூல்களைப் படிப்பதுபோல இம்மனிதர்களையும் படியுங்கள் என்று கற்பிக்கத் தொடங்கினார். அம்முறை யூதரிடமும் பரவிற்று. சாப்ளின் என்று வழங்கும் ஆன்மிகத் துணைவர்களுள் யூதராயினோர் 1990-இல் தமக்கென ஒரு தேசியச் சங்கமும் கண்டார்கள். ஆனால் அவர்கள் தம் பணிக்கு இலக்கணம் தேடியபொழுது புதிய நூல்களோடு தல்மூதையும் திருப்பிப் பார்த்தார்கள். அங்கே எல்லாம் முன்னரே சொல்லப்பட்டிருந்தது.

நோயாளியைக் காணச் செல்பவன் கட்டிலின்மேல் உட்காரலாகாது. அவரினும் உயர்ந்த ஆசனத்திலும் உட்காரலாகாது. மேலாடையால் போர்த்திக்கொண்டு பணிவோடு அவர் முன் அமர வேண்டும். ஏனெனில் நோயாளியின் தலைமாட்டில் இறைவனுடைய சாந்நித்தியம் இருக்கிறது என்கிறது அந்நூல். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகும் வைத்தியரையும் உறவினரையும் கண்டு பழகியவர்களுக்கு இந்த விதியின் நுட்பம் எளிதில் புரியும். போகிறவன் இறைவனைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் அல்லன். முன்னரே அங்கிருக்கும் இறைவன் முன் சென்று அமர்பவன்.

இன்னொரு வரலாறு. ஹிய்யா என்பவர் நோயுற்றிருந்தபொழுது யோகனான் அவரைப் பார்க்கச் சென்றார். உன் துன்பங்கள் உனக்குப் பிரியமானவையா என்று வினவினார். துன்பமும் வேண்டாம், அதற்கு உரியதாகச் சொல்லப்படும் புண்ணியமும் வேண்டாம் என்றார் நோயாளி. யோகனான் அவருக்குத் தத்துவம் எதுவும் உபதேசிக்கவில்லை. கையைக் கொடு என்றார்; கை கொடுத்தார்; எழுந்தார். பின்னொரு நாள் யோகனானே நோயுற்றார். ஹனினா என்பவர் வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே விடையைப் பெற்று, அதே போலக் கை நீட்டி எழுப்பினார். பிறரை எழுப்பிய யோகனான் தம்மைத் தாமே எழுப்பிக்கொள்ளலாகாதா என்று தல்மூது கேட்கிறது. சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது என்பது விடை. துன்பத்துக்குப் பொருள் கற்பிக்க அவசரப்படாதே, கையைப் பற்று என்ற இந்தப் பாடத்தை அறியாமல் எவரும் ஒரு முதியவரின் அறைக்குள் நுழைதல் தகாது.

இனி, பெரிது என்று நான் முன்னர்ச் சொன்ன வினாவுக்கு வருகிறேன். முதியவரிடமிருந்து சமூகம் எதை எதிர்பார்க்கிறது? பொதுவாக நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சும்மா இருங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அன்போடு சொல்லிச் சொல்லியே அவர்களைப் பயனற்றவர்கள் ஆக்கிவிடுகிறோம். யூத தர்மத்தில் உத்தியோகத்துக்கு ஓய்வு உண்டு. கட்டளைகளுக்கு ஓய்வு இல்லை. தொண்ணூறு வயதினரும் இளைஞரைப் போலவே கடமை உடையவர். இயன்ற அளவே செய்வார். எழுந்து நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், உட்கார இயலாவிட்டால் படுத்தும், வாய் திறக்க இயலாவிட்டால் மனத்தாலும் செய்வார். ஆனால் அவர் கடமையினின்று நீக்கப்பட்டவர் அல்லர். முதியோரிடையே பணிசெய்து இத்துறையில் நூலும் எழுதிய டேல் ஃப்ரீட்மன் என்ற பெண் ரபீ இந்தக் கருத்தையே ஆன்மிகப் பராமரிப்பின் மையமாக வைத்தார். கடமை என்பதைப் பாரம் என்றே கொள்பவர்கள், தம்மை ஒருவரும் எதற்கும் அழைக்காத ஒரு நாள் எவ்வளவு நீண்டது என்பதை அறியாதவர்கள்.

பத்தாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன். யூதருடைய பொது வழிபாட்டுக்கு, வயது வந்தோர் பத்துப் பேர் கூடவேண்டும். பழைய வழக்கில் நிற்போர் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள், மற்றையோர் பெண்களையும் எண்ணுவார்கள். இறந்தவர் பொருட்டுச் சொல்லப்படும் கடீஷ் என்னும் துதியையும் பத்துப் பேர் இன்றிச் சொல்லலாகாது. ஒன்பது ஞானிகள் கூடியிருந்தும் பத்தாவதாக ஒரு பாமரன் வரவில்லையேல் அந்த ஞானிகளின் வாய் மூடியிருக்க வேண்டியதுதான். இப்பொழுது ஓர் இல்லத்தின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். கீழே வழிபாட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். தன் மனைவியின் ஆண்டு நினைவு நாளுக்குக் கடீஷ் சொல்ல வந்த ஒருவர் அவர்களுள் இருக்கிறார். மேல்மாடியில், இரண்டு நாளாக அறையைவிட்டு வர மறுத்த ஒரு முதியவர் இருக்கிறார். ஆன்மிகத் துணைவர் அவரிடம் சென்று, உங்களுக்கு மனச்சோர்வு நீங்க வழிபாடு நல்லது என்று சொல்வதில்லை. ஐயா, ஒன்பது பேர் இருக்கிறோம், உங்களை எதிர்பார்க்கிறோம் என்கிறார். மருந்தாக அழைத்தால் வராதவர் தேவையாக அழைத்தால் எழுந்து சட்டையைத் தேடுகிறார். சக்கர நாற்காலியின் ஒலி கேட்டதும் கூடத்தில் ஒன்பது தலைகள் திரும்புகின்றன. உபசரிப்பினால் வரும் மகிழ்ச்சி வேறு. எண்ணிக்கையில் ஒருவராகக் கொள்ளப்படுவதனால் வரும் கௌரவம் வேறு.

இதே கருத்தை வேறொரு மேடையில் எடுத்துரைத்தவர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல். 1907-இல் வார்சாவில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா சேர்ந்த அந்த ஞானி, 1961-இல் வாஷிங்டனில் முதுமை குறித்து அரசாங்கம் கூட்டிய மகாநாட்டில் பேசினார். ஓய்வூதியத்தையும் வைத்தியச் செலவையும் பற்றிக் கூடிய அந்தச் சபையில், முதியோரின் பொழுதைப் போக்குவதற்கு நாம் வழி தேடுகிறோமே அன்றி, அப்பொழுதுக்குப் பொருள் தேடவில்லை என்று அவர் வருந்தினார். முதுமையும் இளமையைப் போல ஒரு வளர்ச்சிப் பருவமே என்றும், கற்கவும் திருத்திக்கொள்ளவும் உரிய காலம் என்றும் வற்புறுத்தினார்.

அது வெறும் உபந்நியாசமன்று என்பதற்கு இல்லங்களே சாட்சி. எழுபது ஆண்டுகள் ஒரு முழு ஆயுள் என்று கொண்டு, அதன்மேல் பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், எண்பத்து மூன்றாம் வயதில் இரண்டாம் முறையாகப் பார் மிட்ஸ்வா என்னும் வயதேற்புச் சடங்கை நடத்துவது அவர்களிடையே ஒரு வழக்கம். சிறுமிகளுக்கு அச்சடங்கே இல்லாதிருந்த காலத்தில், 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் காப்லான் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவள் தந்தை ரபீ மார்டிகாய் காப்லான் அதை நடத்திவைத்தார். அமெரிக்காவில் அதுவே முதலாவது என்பர். அந்த அம்மையார் தம் எண்பத்திரண்டாம் வயதில், 1992-இல், மீண்டும் ஒரு முறை சபை முன் நின்றார். இளமையில் மறுக்கப்பட்டதை முதுமையில் பெறும் பொருட்டு எபிரெய எழுத்துக்களை அகரம் முதல் கற்கும் மூதாட்டியர் இன்று பல இல்லங்களில் உண்டு. பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படிக்கும் அந்தக் கைகளைவிட உயர்ந்த மாணவப் பருவம் எது?

நினைவு முற்றிலும் தளர்ந்தவர்களிடம் இந்தக் கொள்கை செல்லுமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. அங்கேதான் சடங்கின் ஆற்றல் வெளிப்படுகிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் வீட்டுத் தலைவி இரண்டு விளக்கேற்றி, சுடரின்மேல் கைகளை மூன்று முறை வளைத்துத் தன்பால் அழைத்து, கண்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மந்திரம் சொல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இல்லங்களில் தீக்கு அஞ்சிப் பெரும்பாலும் மின்விளக்குகளையே மெழுகுவர்த்தி போல் அமைத்திருப்பார்கள். மகளின் பெயரை மறந்தவர், காலை உண்டதை மறந்தவர், மாதக் கணக்கில் ஒரு முழு வாக்கியம் பேசாதவர், வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அந்த இரண்டு விளக்குகளையும் கண்டவுடன் கைகளை உயர்த்தி வளைத்துக் கண்ணை மூடிக்கொள்வதை, அங்கே பணிபுரிவோர் திரும்பத் திரும்பக் கண்டு சொல்கிறார்கள். மூளையில் பெயர்கள் தங்கும் இடம் வேறு, பழகிய செயலும் இசையும் தங்கும் இடம் வேறு என்று சாஸ்திரம் இதற்குக் காரணம் கூறும். குழந்தைப் பருவத்தில் படுக்கையில் தாய் சொல்லிக்கொடுத்த ஷெமா என்னும் ஒருமைப் பிரகடனமும், இத்திஷ் மொழித் தாலாட்டும், யோம் கிப்பூர் மாலையில் ஒலிக்கும் கோல் நித்ரே என்ற இராகமும் மற்றவை அழிந்த பின்னும் நிற்கின்றன. பேழையின் அடியில் கிடக்கும் துண்டுகளிலும் எழுத்து இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர் அருகில் இருக்கவேண்டும், அவ்வளவே.

இன்ன கிழமை என்று அறியாதவருக்கும் ஓய்வுநாள் வந்தது தெரிகிறது; ஏனெனில் பின்னிய ரொட்டியின் மணமும் திராட்சை ரசத்தின் நிறமும் அதைச் சொல்கின்றன. புத்தாண்டுப் பண்டிகையில், கூடத்துக்கு வர இயலாதவர்களின் படுக்கையருகே ஆட்டுக்கொம்பை எடுத்துச் சென்று ஊதுகிறார்கள். பஸ்கா விருந்தில் கேள்விகள் கேட்கும் உரிமை அங்கிருப்போருள் இளையவருக்கு உரியது. இல்லத்து மேஜையில் சில சமயம் எழுபது வயதினரே இளையவராக எழுந்து, ஆறு வயதில் கேட்ட அதே கேள்விகளைக் கேட்கிறார்.

சரீரத்தையும் இவர்கள் ஆன்மிகத்துக்குப் புறம்பாகத் தள்ளவில்லை. மலஜலம் கழித்தபின் கைகழுவி, உடலின் துவாரங்களை ஞானத்தோடு படைத்த இறைவனுக்கு நன்றி கூறும் ஒரு வாழ்த்து அவர்களுடைய அன்றாடப் பிரார்த்தனையில் உண்டு. அந்த ஒரு காரியத்துக்குப் பிறர் உதவியை நாடி நாணத்தால் குன்றிப்போகும் முதியவருக்கு, அதுவும் இறைவன் முன் சொல்லத்தக்கதே என்று அறிவதைவிட மேலான மானம் காக்கும் வழி இல்லை. பெருநோன்பன்று உண்ண வேண்டுமா என்ற விஷயத்தில், வைத்தியர் தேவையில்லை என்றும் நோயாளி எனக்கு வேண்டும் என்றும் சொன்னால், நோயாளியின் சொல்லையே கேட்கவேண்டும் என்கிறது தல்மூது. தன் நெஞ்சின் கசப்பு அவரவர்க்கே தெரியும் என்பது அதற்குக் காட்டும் காரணம். உயிரைக் காப்பது நோன்பினும் பெரிய நோன்பு. ஐம்பது அறுபது ஆண்டுகள் தவறாது உபவாசம் இருந்த ஒருவர், இவ்வாண்டு ஒரு மிடறு நீர் பருகவேண்டும் என்று கேட்டுக் கண்ணீர் விடும்பொழுது, பருகுவதே இன்று உங்களுக்கு இட்ட கட்டளை என்று அருகிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

இவ்வில்லங்களுக்கே உரிய ஒரு துயரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்று குவித்தபொழுது, சிறுவராகவும் சிறுமியராகவும் இருந்து தப்பிப் பிழைத்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள், சிலர் கடந்துவிட்டார்கள். நடுவயதில் உழைப்பாலும் குடும்பத்தாலும் அடக்கிவைத்த நினைவுகள், நிகழ்காலம் மங்கும்பொழுது மேலே எழுகின்றன. குளிப்பறையின் நீர்த்தாரையைக் கண்டு அலறுகிறவர். சீருடை அணிந்தவர் அறையில் நுழைந்ததும் நடுங்குகிறவர். வரிசையில் நிற்கச் சொன்னால் பதறுகிறவர். உணவு மேஜையிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்துத் தலையணைக்குள் ஒளித்துவைக்கிறவர். இத்தகையோரைப் பேணுதற்கென்றே பேக்ரெஸ்ட் ஸ்தாபனத்தார் 2003-இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். அந்த ரொட்டியைச் சுத்தத்தின் பேரால் பிடுங்கி எறிவது எளிது. அதை ஒரு மூடியிட்ட பெட்டியில் வைத்துக்கொள்ள விட்டு, தினமும் பழையதை மாற்றிப் புதியதை வைக்கும் தாதி, ஒரு மந்திரமும் சொல்லாமலே ஆன்மிகப் பணி செய்கிறாள். இவர்களுள் சிலர் இறைவனிடம் கோபம் கொண்டவர்கள். சிலர் அவன் இல்லையென்றே முடிவு செய்தவர்கள். அவர்களை வழிபாட்டுக்கு இழுப்பது ஆன்மிகத் துணைவரின் வேலையன்று. அந்தக் கோபத்துக்கு அருகில் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்து, அதையும் ஒரு பிரார்த்தனையாகக் கேட்கத் தெரிந்திருப்பதே அவர் வேலை.

இத்தகைய கவனிப்பைச் செய்யும் கைகளுள் பல யூதருடையவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கரீபியத் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்தும் வந்த தாதியர் பலர், வேற்றுச் சமயத்தினராயினும், வெள்ளிக்கிழமை மந்திரத்தைச் செவிவழியாகக் கற்று, மறந்த இடத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். வேற்று மதத்து முதியவருக்கு எழுந்து நின்ற யோகனானுக்கு இவர்கள் செலுத்தும் மறுமொழி அது.

இறுதியாக மரணம். மிஷ்னா என்னும் பழைய விதிநூலைத் தொகுத்தளித்த யூதா என்னும் பேராசிரியர் மரணப் படுக்கையில் கிடந்தபொழுது, சீடர்கள் இடைவிடாது பிரார்த்தனை செய்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்களாம். வீட்டுப் பணிப்பெண்ணும் முதலில் அவர் வாழவே வேண்டினாள். பிறகு அவர் படும் உபாதையை அருகிலிருந்து கண்டு, கூரைமேல் ஏறி ஒரு ஜாடியைக் கீழே எறிந்தாள். அந்த ஓசையில் சீடர்களின் பிரார்த்தனை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் ஆசிரியரின் உயிர் பிரிந்தது. தல்மூது அவளைக் குறைகூறவில்லை. மரணத்தை விரைவுபடுத்தலாகாது என்று கண்டிப்பாக விதித்த அதே தர்மம், போகவேண்டிய உயிரைத் தடுத்து நிறுத்தும் அன்பையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. சீடர்கள் பிரார்த்தனையில் இருந்தார்கள். அவள் படுக்கையருகே இருந்தாள். யார் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதற்கு அதுவே குறிப்பு.

மரணத் தறுவாயில் விதூய் என்னும் அறிக்கையைச் சொல்வார்கள். அதைச் சொன்னவர் பலர் பிழைத்ததும் உண்டு, சொல்லாதவர் பலர் இறந்ததும் உண்டு என்று நோயாளிக்கு அச்சம் தோன்றாதபடி முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பது விதி. சில இல்லங்களில் இறந்தவரைப் பின்வாசல் வழியே மறைத்துக் கொண்டுபோகாமல், முன்வாசல் வழியே எடுத்துச் செல்கிறார்கள். உடன் வாழ்ந்தோரும் பணியாளரும் இருபுறமும் நின்று வழியனுப்புகிறார்கள். நாளை நமக்கும் இவ்வாறு மரியாதை உண்டு என்று அங்கே நிற்கும் ஒவ்வொரு முதியவரும் அறிகிறார். பின்னர் ஆண்டுதோறும் அந்நாளில் ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது; கடீஷ் சொல்லப் பத்துப் பேர் கூடவேண்டும். மீண்டும் ஒருவர் மேல்மாடிக்குச் சென்று பத்தாவது ஆளை அழைக்கிறார்.

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பெரிய ஸ்தாபனமும் பொருளும் வேண்டுவதில்லை. இனி நீங்கள் ஒரு முதியவரைக் காணச் செல்லும்பொழுது, தலைமாட்டில் நின்று குனிந்து பார்க்காதீர்கள். ஓர் ஆசனத்தை இழுத்துப்போட்டு, அவருடைய கண்ணுக்குக் கீழாக அமருங்கள். பழமும் பலகாரமும் கொடுக்குமுன் அவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேளுங்கள்: ஓர் ஆசியைக் கேளுங்கள், ஒரு பாட்டைக் கேளுங்கள், வீட்டில் எடுக்கவேண்டிய ஒரு முடிவுக்கு அவர் கருத்தைக் கேளுங்கள். விடை கோவையாக வாராமற்போகலாம், துண்டுதுண்டாக வரலாம். வந்த துண்டுகளைக் குறைத்து எண்ணாமல், முழுமையானவற்றோடு சேர்த்து ஒரே பேழையில் வைத்துக்கொள்ளுங்கள்.